பரீட்சைக்கு ஒரு மாமன்

ஜவ்வாது மலையில் நான் தலைமையாசிரியராக இருக்கும் அரசுப் பள்ளியைப் பற்றி யாருக்காவது விளக்க நேர்ந்தால், முதலில் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்வேன். பள்ளிக்கூடம்தான், சந்தேகமில்லை. ஆனால் மாணவர்களில் சிலருக்கு என்னைவிட அடர்த்தியான மீசை உண்டு. சில மாணவிகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வருவார்கள். படிப்பை நடுவில் விட்டவர்களைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்து, பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதவைப்பது எங்கள் வேலை. இரண்டு வகுப்பறை, ஒரு சமையலறை, பெண்கள் தங்க ஒரு கூடம், நான், ஒரு கணக்கு டீச்சர். மற்ற பாடங்களை நாங்கள் இருவரும் பாகப்பிரிவினை செய்துகொண்டோம். அறிவியல் என் பங்குக்கு வந்தது. நான் தமிழ் இலக்கியம் படித்தவன். ஒளிவிலகல் பாடத்தை நான் நடத்தும்போது உவமைகள் நன்றாக இருக்கும் என்று சொல்கிறார்கள்.

ஆண்டுதோறும் மேலிடத்திலிருந்து மாணவர் விவரம் கேட்பார்கள். யார் படிக்கிறார்கள், எப்படிப்பட்ட குடும்பம், படித்தபின் என்ன ஆனார்கள். நியாயமான கேள்விகள். பதில் தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.

"அப்பா என்ன வேலை செய்யறார்?" என்று கேட்பேன்.

"எந்த மாசம் சார்?" என்பார்கள்.

ஆடியில் சாமை விதைப்பார். மழை நின்றதும் குடகில் காப்பிப் பழம் பறிப்பார். தை, மாசியில் கேரளத்தில் மிளகு. புளி உலுக்கும் பருவத்தில் ஊரில் இருப்பார், அல்லது இருக்க மாட்டார். கணினியில் ஒரு சொல்லுக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். விவசாயம் என்று போட்டேன். விவசாயி அன்றைக்குத் திருப்பத்தூரில் ஒரு கட்டடத்துக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்.

திருமணம் ஆனவரா, ஆகாதவரா என்பது அடுத்த கேள்வி. ஒரு மாணவி வெகுநேரம் யோசித்தாள். "போன தையில ஆச்சி சார். ஆடியில நான் வந்துட்டேன். இப்போ அவங்க வந்து கூப்டுகினு இருக்காங்க. எது நல்லதோ அதப் போட்டுக்கங்க."

தாய்மொழியிலும் ஒரு சிக்கல். இந்த மலைக்காரர்களின் சாதிப் பெயர் மலையாளி. கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். ஆனால் கணினி தாய்மொழி என்ற இடத்தில் தானாகவே மலையாளம் என்று நிரப்பிக்கொண்டது. விளக்கி ஒரு கடிதம் எழுதினேன். பதிலாக மலையாளப் பாடநூல்கள் ஒரு கட்டு வந்து இறங்கின. மிளகுத் தோட்டத்தில் வளர்ந்த ஒருவன் மட்டும் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். அவனுக்குப் புரிகிறதாம். நான் மேற்கொண்டு கடிதம் எழுதவில்லை.

கடைசிக் கேள்விதான் எனக்குத் தலைவலி: இடைநின்றவர் எத்தனை பேர்? ஐயா, எங்களிடம் இருப்பவர்கள் எல்லோருமே இடைநின்றவர்கள்தான். இடைநின்றவர்களுக்கான பள்ளியிலும் ஒருவர் இடையில் நின்றுவிட்டால் அவரை என்னவென்று சொல்வது? தொலைபேசியில் கேட்டேன். "சார், வெளையாடாதீங்க" என்றார் எதிர்முனையில் இருந்த அதிகாரி. நான் விளையாடவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

இப்படி ஒரு நிதானமான குழப்பத்தில் நான் இருந்துவந்தபோதுதான் அவள் சேர்ந்தாள். பதிவேட்டின்படி அவளுக்கு வயது இருபத்துமூன்று, மாமியாரின் கணக்குப்படி இருபத்தாறு. ஒன்பதாம் வகுப்போடு நின்று, கல்யாணமாகி, ஒரு பெண்குழந்தைக்குத் தாயானவள். கணவன் குடகில் இருந்தான். ஏன் படிக்க வந்தாய் என்று மற்றவர்களைக் கேட்டால் "சும்மா சார்" என்பார்கள். அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் ஊர் அங்கன்வாடி ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. கதவில் கட்டியிருந்த குளவிக்கூடு அவள் மகளைவிட மூத்தது. அந்த வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும், கோடையில் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். இந்தப் பங்குனியில் எழுதித் தேறினால் அவள் மனுப் போடலாம். தவறவிட்டால் துணைத்தேர்வு உண்டு, ஆனால் அதற்குள் கீழேயிருந்து யாராவது அந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

"கீழேர்ந்து வர்றவங்க பஸ்ஸு வந்தாத்தான் வருவாங்க சார்" என்பாள். "எங்க ஊருக்கு பஸ்ஸு நெனச்சா வரும்."

அவளைப் போல யாரும் படித்து நான் பார்த்ததில்லை. ஒளிவிலகலுக்கு நான் சொன்ன உவமைகளை அப்படியே மனப்பாடம் செய்தாள். அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

இடையில் வந்து சேர்ந்தது திருவிழா. அவள் ஊர் அம்மனுக்கு எந்த நாளில் விழா என்பது நாட்காட்டியில் இருக்காது. பங்குனி பிறந்ததும் கோயிலில் பூ கேட்பார்கள். அம்மன் தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் அடுத்த வாரம் வந்து மறுபடி கேட்க வேண்டும். வழக்கமாக அம்மன் இரண்டு மூன்று வாரமாவது இழுத்தடிப்பாளாம். தேர்வு எழுதி முடித்து ஊருக்குப் போனால் விழாவுக்குச் சரியாக இருக்கும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். இந்த ஆண்டு கேட்ட மாத்திரத்தில் பூ வலப்பக்கம் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலேயே தங்கிப் படித்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கென்று மகளைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தாள். சாயங்காலமே காப்பு கட்டிவிட்டார்கள்.

காப்பு கட்டினால் அந்த ஊரில் சட்டம் கண்டிப்பு. கட்டும்போது எல்லைக்குள் எத்தனை தலை இருந்ததோ, எட்டாம் நாள் அவிழ்க்கும்போதும் அத்தனை தலை இருக்க வேண்டும். யாரும் எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. தேர்வு மையமோ மலைக்குக் கீழே, கலசப்பாக்கத்துப் பக்கம். முதல் தாளுக்கு மூன்று நாள் இருந்தது.

"மாட்டிகினேன் சார்" என்று போனில் சொன்னாள்.

மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வழி நெடுக வாதங்களைத் தயார்செய்தேன். கல்வி, பெண்விடுதலை, அரசமைப்புச் சட்டம் எல்லாவற்றையும் தொட்டு ஓர் அரைமணிநேர உரை கைவசம் இருந்தது. கோயில் முன்னால் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்ததும் கடப்பாரையைக் கீழே வைத்தார்.

"வாங்க சாரு. பொழுது சாயறதுக்குள்ள கெளம்பிடுங்க. இங்க படுத்துட்டீங்கன்னா அவுக்கற வரைக்கும் இருக்கணும்."

நான் விஷயத்தைச் சொன்னேன்.

"பரீச்சைய ஒரு வாரம் தள்ளி வெக்க சொல்லுங்க" என்றார்.

"அது மாநிலம் முழுக்க ஒரே நாள்ல நடக்கறதுங்க."

"இதுவும் ஊரு முழுக்க ஒரே நாள்லதான் நடக்குது."

"தேதி முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க."

"யாரு முடிவு பண்ணாங்க? பூ கேட்டாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். பூ கேட்டதாகத் தெரியவில்லை. அரைமணிநேர உரையில் இதற்கு இடமே இல்லாமல் போயிற்று. அவளுடைய மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கூழுக்குச் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

"எழுதி இன்னா சார் ஆவப்போது? இவ எழுதனா சாமை தன்னால குத்திக்குமா?"

அப்போதுதான், மாமியாருக்குப் பின்னால் நின்றிருந்த அவள் பேசினாள். முறத்தைப் பார்த்தபடி, யாரையும் குறிப்பிடாமல்.

"போன விழாக்கு மேலத் தெரு அக்கா இடுப்பு வலி வந்து கீழ போச்சி. அதுக்கு பதிலா அதோட மாமன் வந்து குந்திகினாரு. தல கணக்கு சரியாச்சி. அம்மன் ஒண்ணும் கோச்சிக்கல."

"அது புள்ளப்பேறுமா" என்றார் கவுண்டர்.

"நானும் ஒரு வருசமா சொமக்கறேன்."

கவுண்டர் சிரிக்காமல் இருக்க மீசையைத் தடவிக்கொண்டார். "சரி, உனுக்கு மாமன் எங்க? உங்க மாமன் மொளகுக்குப் போனவரு இன்னும் வர்ல."

"சார் இருப்பாரு" என்றாள்.

என்னிடம் கேட்கவில்லை. எனக்கும் சேர்த்து அறிவித்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எட்டு நாள் என்று முன்பே காதில் விழுந்திருந்தது. ஆனால் அது ஊர்க்காரர்களுக்கு, என்னைப் போன்றவர்களுக்கு ஒரு ராத்திரி இருந்தால் போதும் என்று ஏனோ நினைத்துக்கொண்டேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. "இருக்கேங்க" என்றேன்.

மாமன் ஆவது அத்தனை எளிதில்லை. அதற்கு விவரம் வேண்டும். கவுண்டர் மூங்கில் மேல் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.

"எந்த ஊரு?"

"கலசப்பாக்கத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமம். நெல்லு விவசாயம்."

"கீழ. சரி, பரவால்ல. வயசு?"

"ஐம்பத்திரண்டு."

"மாமனுக்கு அவ்ளோ ஆவாது. நாப்பத்தஞ்சின்னு வெச்சிக்கலாம். இன்னா வேல?"

"தலைமையாசிரியர்" என்றேன், அவர் மறந்துவிட்டாரோ என்று.

"எல்லா மாசமுமா?"

"மே மாசம் லீவு."

"அப்போ மே மாசம் இன்னா வேல?"

நான் யோசித்தேன். மே மாதத்தில் நான் என்ன செய்கிறேன்? மே மாதத்தில் நான் செய்யும் எதையும் வேலை என்று சொல்ல முடியாது. கவுண்டர் புரிந்துகொண்டவர் போலத் தலையாட்டிவிட்டு, "சம்சாரம் கூட இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இருக்கிறாள் என்றேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் உறுதியாகச் சொல்வேன் என்பதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். கட்டி முடிப்பதற்குள் அவள் பையோடு வந்து நின்றாள். பை முன்பே கட்டித் தயாராக இருந்திருக்கிறது. இதைப் பற்றி அந்த வாரம் முழுக்க யோசிக்க எனக்கு நிறைய நேரம் கிடைத்தது.

"பாப்பா முட்டையில வெள்ளதான் துன்னும் சார். மஞ்சள நீங்க துன்னுடுங்க" என்றாள். எல்லைக்கல்லைத் தாண்டி நடந்து போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. கீழே கணக்கு டீச்சர் அவளை மையத்துக்குப் பக்கத்தில் தங்கவைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

சாயங்காலம் வண்டிச் சாவியைத் தேடியபோது மாமியார் சொன்னார், "எங்க சம்பந்தி கெளம்பறீங்க? காப்பு அவுக்கட்டும்."

நான் அவருக்குச் சம்பந்தி ஆகிவிட்டிருந்தேன். அவருடைய பேத்திக்கு நான் தாத்தா. நாற்பத்தைந்து வயதில் தாத்தா ஆவது எப்படி என்று குழந்தைக்குக் கவலையில்லை. முட்டையின் மஞ்சளை எடுத்து என் வாயில் திணித்துவிட்டு "தாத்தா, இன்னொண்ணு" என்றது.

பெண்வீட்டார் என்று ஒருவர் கையில் கிடைத்தால் மாமியார் என்ன செய்வார்? குறை சொல்வார். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். காலையில் தண்ணீர் எடுத்து வந்ததும் தொடங்கிவிடும்.

"உங்க பொண்ணுக்கு சாமை குத்தத் தெரில சம்பந்தி. பாதி நொய்யாப் பூடுது."

"பாவம், சின்ன வயசுதானே" என்றேன் நான்.

"இருவத்தாறு சின்ன வயசா? அடுப்புல ஒல வெச்சிட்டு புத்தகத்த விரிச்சிக்குவா. ஒல கொதிச்சி வத்தி அடிபிடிக்கும். கேட்டா இன்னா சொல்றா தெரியுமா? நீராவி ஆயிடுச்சி அத்த, அப்டின்றா."

அது என் பாடம். ஆவியாதல். எங்கள் தரப்பு இந்த இடத்தில் பலவீனமாக இருந்ததால் நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். ஆனால் நாள் போகப்போக எனக்கே ரோஷம் வந்துவிட்டது. நான்காம் நாள், "எங்க பொண்ணு மாதிரி ஒருத்தி கெடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்" என்று சொன்னேன். சொன்னபிறகுதான், எங்க பொண்ணு என்று சொன்னது நான்தானா என்று தோன்றியது. மாமியார் முகம் மலர்ந்தது. சண்டைக்கு ஒரு தகுந்த ஆள் கிடைத்த நிறைவு அது. அன்றைக்கு எனக்குக் கூழோடு கருவாடும் கிடைத்தது.

ஊருக்குள் போனில் சிக்னல் கிடைக்காது. கோயிலுக்குப் பின்னால் ஒரு பாறை, அதன்மேல் ஏறி நின்றால் ஒரு கோடு வரும். தமிழ்த் தாளன்று காலையில் அதன்மேல் நின்றேன். கணக்கு டீச்சர் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்: உள்ளே போய்விட்டாள். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அதிகாரி அழைத்தார்.

"எங்க சார் இருக்கீங்க? சென்டர்ல டீச்சர் மட்டும்தான் இருக்காங்களாம்."

"மலையிலதாங்க. காப்பு கட்டியிருக்கு."

"யாருக்கு?"

"எனக்குங்க."

கோடு போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"லீவு லெட்டர்ல இன்னா ரீசன் போடுவீங்க?"

"அதான் யோசிக்கறேங்க. தாய்மாமன் கடமைன்னு போடலாமா?"

"குடும்ப விசேஷம்னு போடுங்க" என்று அலுத்துக்கொண்டு, "போன வருசத்துப் பசங்க இன்னா ஆனாங்கன்ற விவரம் இன்னும் வரல" என்று ஞாபகப்படுத்தினார்.

போன வருசத்துப் பையன்களில் ஒருவன் கீழே பந்தலுக்குத் தென்னங்கீற்று கட்டிக்கொண்டிருந்தான். தேறியவன். பாறை மேலிருந்தே கூப்பிட்டேன். "இப்ப என்னப்பா பண்ற?"

"பந்தல் கட்றேன் சார்" என்றான்.

பாறையிலிருந்து இறங்கியபோது மாமியார் அடிவாரத்தில் முந்தானையைக் கையில் முறுக்கியபடி நின்றிருந்தார். "இந்நேரம் எழுதிகினு இருப்பாளா சம்பந்தி?"

"இருப்பா."

"துன்னுட்டுப் போனாளாமா?"

அது குறுஞ்செய்தியில் இல்லை. தெரியாது என்று சொல்லப் போய், அந்த முகத்தைப் பார்த்து, "இட்லியாம்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த இட்லி என்று எனக்கே தெரியாது. ஆனால் அதற்கடுத்த ஒவ்வொரு தாளுக்கும் நான் ஒரு சிற்றுண்டி சொல்ல வேண்டியதாயிற்று. ஆங்கிலத்துக்குப் பொங்கல் வைத்தேன்.

எட்டாம் நாள் காப்பு அவிழ்த்தார்கள். கவுண்டர் தலைகளை எண்ணிக்கொண்டே வந்து, என் தலையையும் தொட்டு எண்ணிவிட்டு, சரி என்றார். எத்தனையோ அரசுக் கணக்குகளில் என்னை எண்ணியிருக்கிறார்கள். யாரும் தொட்டு எண்ணியதில்லை. நான் கீழே போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இன்னும் இரண்டு தாள் பாக்கி இருந்தது. அறிவியல் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள்.

"அத்த இன்னா சொன்னாங்க சார்?"

"சாமை நொய்யாப் போவுதாம்."

"அது ஒரலு சரியில்ல" என்றாள், பக்கத்தைப் புரட்டியபடி. மாமன் என்ற முறையில் அது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

மே மாதம் முடிவு வந்தது. தேறிவிட்டாள். தமிழில் நல்ல மதிப்பெண், கணக்கில் அதைவிட நல்ல மதிப்பெண். அறிவியலில் மட்டும் மயிரிழையில் தப்பியிருந்தாள். அந்தப் பாடத்தை நடத்தியது யார் என்பதைத் திரும்பச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அடுத்த வாரமே அங்கன்வாடிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பும் வந்தது. அவள் ஊர்ப் பெயர் பட்டியலில் இருந்தது. பணியாளர்: பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி. உதவியாளர்: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. இரண்டு முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறை படித்தேன். பத்தாவது போதும் என்று அவளுக்குச் சொன்னது யாரோ. அது பழைய விதியாக இருக்க வேண்டும். ஆனால் ஓர் ஆண்டு முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரிதானா என்று விசாரிக்கத் தோன்றாமல் இருந்தது தலைமையாசிரியருக்கு.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை உரை எதையும் தயார்செய்யவில்லை. மாமியார் காப்பி கொடுத்தார். பாஸ் செய்த விஷயம் ஊருக்கே தெரிந்திருந்தது. குழந்தை என் சட்டைப்பையில் முட்டை தேடியது. அவள் புளியம்பழத்திலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அறிவிப்பைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"அப்போ டீச்சரு வேலைக்கி நான் போட முடியாதா?"

"முடியாதும்மா. உதவியாளருக்குப் போடலாம்."

"அவங்க இன்னா பண்ணணும்?"

"பெருக்கணும். தண்ணி எடுக்கணும். சமைக்கணும். புள்ளைங்களப் பாத்துக்கணும்."

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் என்னைப் பார்த்தார்.

"இதுக்கா சம்பந்தி பரீச்ச வெச்சாங்க?" என்றார் மாமியார். "இத நானே இங்க சொல்லிக் குடுத்துகினு இருக்கேனே."

நான் காப்பியைக் குடித்தேன். அது முன்பே தீர்ந்திருந்தது. மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய விவரத்தில் இவளை எங்கே எழுதுவது என்ற நினைப்பு வந்து, அந்த நேரத்தில் அப்படி நினைத்ததற்காகக் கூச்சமாகவும் இருந்தது. தேர்ச்சி என்று எழுதலாம். வேலை கிடைத்தால் அதையும் எழுதலாம். இரண்டும் உண்மை. இரண்டையும் படித்துப் பார்க்கிற அதிகாரி மகிழ்ந்துபோவார். ஆனால் அவள் கேட்டது இது இல்லையே?

"டீச்சரா வர்றவங்க கீழேர்ந்துதானே வருவாங்க?" என்று கேட்டாள்.

"அநேகமா."

"பஸ்ஸு தெனமும் வராது. அப்போ எங்க தங்குவாங்க?"

"தெரியல."

"எங்க வூட்லதான் தங்கணும். இந்தத் தெருவுல கக்கூஸு இங்கதான் கீது." ஒரு கொட்டையை எடுத்து முறத்தில் போட்டாள். இன்னொன்றையும் போட்டாள். "உதவியாளருக்குப் போட்டுடுங்க சார்."

பையில் கொண்டுபோயிருந்த மனுவை எடுத்து என் முழங்காலில் வைத்து நிரப்பினேன். திருமணம் ஆனவரா என்ற இடத்தில், அவளைக் கேட்காமலே ஆம் என்று எழுதினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நிதானமாகத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்:

"வர்ற டீச்சரு பன்னெண்டாவது பாஸ் பண்ணவங்கதானே சார்? அவங்ககிட்ட அந்தப் புத்தகம்லாம் இருக்கும் இல்ல?"

"இருக்கும்" என்றேன். இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

"கொண்டாரச் சொல்லுங்க" என்றாள்.